மூச்சிருக்கும்போதே சொன்னது

ரொட்டியம்மாவுக்கு மருமகளைப் பிடிக்காது என்பது கடைத்தெரு முழுக்கத் தெரிந்த சங்கதி. மருமகளுக்கும் தெரியும். ஒன்றை மனசில் வைத்துக்கொண்டு வேறொன்றைப் பேசுகிற பழக்கம் அந்த மனுஷிக்குக் கிடையாது. கல்யாணமாகி வந்த புதிதில், பேக்கரியின் பிசைமேசையில் மருமகள் உருட்டி வைத்திருந்த மாவை விரலால் அழுத்திப் பார்த்துவிட்டு, "இவ கை சூடு. மாவு சட்டுனு புளிச்சுப்போயிடும். தட்டுக்கு எண்ணெய் தடவற வேலையைக் குடு இவளுக்கு," என்று அடுப்புக்காரரிடம் சொன்னாள். பக்கத்தில் நிற்பவளிடம் நேராகச் சொல்லக்கூட இல்லை.

வீட்டின் கீழ்த்தளம் பேக்கரி, மாடியில் குடித்தனம். சுவரோடு சுவராகக் கட்டிய செங்கல் அடுப்பு, அதன் முன்னால் தட்டுகளைத் தள்ளி எடுக்கும் நீளத் துடுப்போடு அடுப்புக்காரர், நடுவில் பலகைமேசை. மேசைக்கு அந்தப் பக்கம் மாமியார், இந்தப் பக்கம் மருமகள். வருஷக்கணக்காக அவர்களுக்குள் நடந்த பேச்செல்லாம் வேலைப் பேச்சுதான். உப்பு போட்டாச்சா. போட்டாச்சு அத்தை. ஈரத்துணி மூடினியா. மூடிட்டேன் அத்தை. சண்டையும் கிடையாது, சமாதானமும் கிடையாது.

ஒரே ஒரு தடவை மருமகள் வாய் திறந்து கேட்டாள். அவளைப் பெற்றவள் செத்துப்போனபோது, பிறந்த வீட்டில் இன்னும் கொஞ்ச நாள் இருந்துவிட்டு வருகிறேன் என்றாள். "செத்தவங்களுக்கு நீ போய் என்ன செய்யப்போறே? பள்ளிக்கூடத்துக்கு பன் ஆர்டர் இருக்கு," என்று பதில் வந்தது. அவள் திரும்பி வந்து தட்டுக்கு எண்ணெய் தடவினாள். அந்த வார்த்தை மட்டும் தொண்டையில் சிக்கிய முள்ளாக இருந்தது. விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் முடியவில்லை.

ரொட்டியம்மாவுக்கு இருமல் முதலில் மழைக்காலத்தில் மட்டும் வந்தது. பிறகு எல்லாக் காலத்திலும் வந்தது. மாவுமூட்டையைப் பிரித்து உதறும்போது எழும் வெள்ளைத் தூசியை ஆயுசெல்லாம் மூச்சோடு இழுத்த நெஞ்சு. மாடிப்படியில் பாதி ஏறி, கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, யாரையோ திட்டுவதற்காக நின்ற மாதிரி பாவனை செய்து மூச்சு வாங்குவாள். மகன் காலையில் வண்டியில் ரொட்டி போடப் போய்விடுவான். அதனால் நெஞ்சு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போகிற வேலை மருமகள் தலையில் விழுந்தது.

டாக்டர் நிதானமாகப் பேசுகிற பெண். எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் மாட்டிக் காட்டினாள்.

"நுரையீரல் நல்ல பஞ்சு மாதிரி இருக்கணும்மா. உங்களுக்குக் காஞ்சு இறுகிட்டே வருது. இதைத் திருப்ப முடியாது. கொஞ்சம் மெதுவாக்கலாம், அவ்வளவுதான். ஒரு நாள் மூச்சு ரொம்ப மோசமாகும். தொண்டைக்குள்ள குழாய் விட்டு மெஷின் வைக்கலாமா வேண்டாமான்னு அப்ப கேள்வி வரும். பதில் சொல்ற நிலைமையில நீங்க இருக்க மாட்டீங்க. அதனால இப்பவே யோசிச்சு வைங்க. உங்களுக்காகப் பேசறதுக்கு ஒருத்தரையும் முடிவு பண்ணிச் சொல்லுங்க."

"குழாய் போட்டா அப்புறம் எடுத்துடுவீங்களா?"

டாக்டர் படத்தைக் கழற்றினாள். "உங்க நெஞ்சு இருக்கிற நிலைமைக்கு, எடுக்க முடியறது கஷ்டம்மா."

"யோசிச்சுச் சொல்றேன்," என்றாள் ரொட்டியம்மா, மாவு வியாபாரியிடம் சொல்கிற அதே குரலில். பஸ்ஸில் வீடு வரைக்கும் ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் மத்தியானம் அடுப்பு தணிந்திருந்த நேரம். அடுப்புக்காரர் சாப்பிடப் போயிருந்தார். மேசையில் ஒட்டியிருந்த காய்ந்த மாவை மருமகள் தகட்டால் சுரண்டிக்கொண்டிருந்தாள். ரொட்டியம்மா முக்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள்.

"அந்த டாக்டர் கேட்டாளே. உன் பேரைத்தான் சொல்லப்போறேன்."

மருமகள் சுரண்டுவதை நிறுத்தவில்லை. "உங்க மகன் இருக்கார். மகள் இருக்கா. நான் எதுக்கு அத்தை?"

"அவங்க இருக்கறதாலதான். அவங்க அப்பாவைப் பாத்தேனே. வாயில குழாய், மூக்குல குழாய். பிடுங்கிப் போட்டுருவார்னு ரெண்டு கையையும் கட்டில் கம்பியோட கட்டி வெச்சிருந்தாங்க. நான் கண்ணாடிக்கு வெளிய நின்னு பாக்கறேன். அவர் என்னைப் பாக்கறார். அவிழ்த்து விடுன்னு கண்ணாலயே கேக்கறார். இவங்க ரெண்டு பேரும் என் ரெண்டு பக்கமும் நின்னுக்கிட்டு, அப்பா கண்ணைத் திறந்துட்டாரு, அப்பா நம்மளைப் பாக்கறாருன்னு சந்தோஷப்படறாங்க. அப்படியே வெச்சு, வெச்சு, கடைசியில கால் கறுத்துப்போய்த்தான் செத்தார். இன்னிக்கும் கேட்டுப் பாரு. அப்பாவுக்கு ஒரு குறையும் வைக்கலைம்பாங்க."

மூச்சு வாங்கியது. மருமகள் தண்ணீர் எடுத்து நீட்டினாள். ரொட்டியம்மா குடித்துவிட்டு மிச்சத்தைத் தரையில் ஊற்றினாள்.

"என் மகனுக்கு மனசு வராது. மகளுக்கு அழுகை மட்டும்தான் வரும். நீ செய்வே. உனக்கு என்மேல பாசம் கிடையாது."

தகடு நின்றது. மருமகள் நிமிர்ந்து பார்த்தாள். இத்தனை வருஷத்தில் முதல்முறையாக அந்த முகம் அவளையே நேராகப் பார்த்துக்கொண்டிருந்தது.

"பாசம் இல்லாதவ செய்யற வேலையா அத்தை இது?"

"பாசம் உள்ளவங்க செஞ்சதைத்தான் பாத்துட்டேனே."

"நாளைக்கு என்னைத்தான் பழி சொல்வாங்க."

"சொல்வாங்க. நீ தாங்குவே. நான் உனக்குக் குடுத்ததையெல்லாம் தாங்கலியா?"

அது மன்னிப்பா, மெச்சலா, இன்னொரு குத்தலா என்று மருமகளுக்குப் பிடிபடவில்லை. மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல நினைத்தாள். ஆனால் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து தட்டுக்கு எண்ணெய் தடவுகிற வேலையைத் தவிர வேறெதையும் அவளை நம்பி யாரும் கொடுத்ததில்லை. "அப்ப அவங்ககிட்ட நீங்களே சொல்லிடுங்க. நான் சொன்னதா இருக்கக் கூடாது," என்று மட்டும் கேட்டாள்.

டாக்டர் முன்னால் எழுதிக் கையெழுத்தும் போட்டாயிற்று. அடுத்த ஞாயிற்றுக்கிழமை வெளியூரிலிருந்து மகள் வந்தாள். அவள் இன்ஷூரன்ஸ் ஆபீஸில் வேலை பார்க்கிறவள். அண்ணனைவிடச் சின்னவள், அம்மாவுக்குச் செல்லம். கோழிக்குழம்பும் முந்தின நாள் ரொட்டியும் வைத்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது ரொட்டியம்மா ஆரம்பித்தாள்.

"ரெண்டு பேரும் கேட்டுக்குங்க. எனக்கு மூச்சு நின்னுபோற மாதிரி வந்தா குழாய் கிழாய் எல்லாம் வேண்டாம். அப்பாவுக்குச் செஞ்ச மாதிரி எனக்குச் செய்யாதீங்க."

"அம்மா, சாப்பிடற நேரத்துல என்ன பேச்சு இது?" என்றான் மகன்.

"வேற எப்ப பேசறது? நீ வண்டியில இருக்கே, இவ ஊர்ல இருக்கா."

மகளுக்கு அதற்குள் கண் நிரம்பிவிட்டது. "ஏம்மா இப்படியெல்லாம் பேசறே? உனக்கு என்ன ஆயிடுச்சு? எங்க ஆபீஸ்ல ஒருத்தரோட அம்மாவுக்கு இதே இருமல்தான். இப்ப ஜம்முனு நடக்கறாங்க."

"நடக்கட்டும். எனக்குச் சொல்றதைக் கேளு. பேசற பொறுப்பை உங்க அண்ணிகிட்ட விட்டிருக்கேன்."

"சரிம்மா, சரி. எல்லாம் பாத்துக்கலாம். இந்தா, இந்தத் துண்டு மெத்துனு இருக்கு, குழம்புல தோச்சு சாப்பிடு."

மகன் எழுந்து, அடுப்பில் ஏதோ தீய்கிற மாதிரி வாசனை வருகிறது என்று கீழே போனான். அன்றைக்கு அடுப்பே பற்றவைக்கவில்லை. மகள் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, பக்கத்து வீட்டுக்காரர்கள் மாடி கட்டுவதைப் பற்றிப் பேச ஆரம்பித்தாள். ரொட்டியம்மா மருமகளைப் பார்த்தாள்.

"சொல்லிட்டேன். இனிமே அவங்க காது, அவங்க பாடு."

ஆக்ஸிஜன் மெஷின் வந்தபோது ரொட்டியம்மாவின் பேக்கரி வாழ்வு முடிந்தது. நெருப்பு இருக்கும் இடத்தில் அந்தக் காற்று ஆகாது என்று மெஷின்காரன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டான். மாடி அறையில் ஜன்னலோரமாகக் கட்டில் போட்டார்கள். மெஷின் குர்ரென்று ஓடிக்கொண்டே இருக்கும். மூக்கில் குழல் இருந்தும் வாசனை மட்டும் அவளுக்குத் தப்பாது. கம்பால் தரையைத் தட்டுவாள். மருமகள் மாவுக்கையோடு ஓடி வருவாள்.

"ரெண்டாம் தட்டை எடுக்கச் சொல்லு. அந்த ஆள் கனா கண்டுக்கிட்டு நிக்கிறான்."

எடுத்துப் பார்த்தால் விளிம்பு கறுக்க ஆரம்பித்திருக்கும். அடுப்புக்காரர் மேலே பார்த்துக் கும்பிடு போட்டுவிட்டு, "மேல போயும் விடலியே," என்பார்.

குளிப்பாட்டுவது, தலைவாருவது, ராத்திரி மலச்சட்டி வைப்பது எல்லாம் மருமகள்தான். அத்தையின் உடம்பு அவள் கைக்குப் பழகியது. முதுகெலும்பு எண்ணிப் பார்க்கும்படி துருத்திக்கொண்டிருக்கும். வெந்நீர்த் துணியால் துடைக்கும்போது, "உன் கை சூடா இருக்கு," என்பாள் ரொட்டியம்மா. ஆனால் இன்னும் கொஞ்சம் துடை என்பதுபோல முதுகைக் காட்டியபடி உட்கார்ந்திருப்பாள். எதற்குச் சிரித்தோம் என்று தெரியாமல் இருவரும் சிரித்த நாள்கூட உண்டு. மகன் சாயங்காலம் வந்து கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து, "இன்னிக்கு முகம் தெளிவா இருக்கும்மா," என்று சொல்லிவிட்டுப் போவான். மகள் போனில் தினமும் அழுவாள்.

ஒரு நாள் இருமல் விடாமல் பிடித்து உதடு நீலம் பாரித்துவிட்டது. மருமகள் முதுகைத் தாங்கிப் பிடித்துக்கொண்டிருந்தாள். அடங்குவதற்குள் அவளுக்கே உயிர் போய் உயிர் வந்தது. ரொட்டியம்மா தலையணையில் சாய்ந்து, அவள் முகத்தைக் கூர்ந்து பார்த்தாள்.

"ஏய், கண்ணு கலங்குது உனக்கு."

"இல்ல அத்தை. வெங்காயம் நறுக்கிட்டு வந்தேன்."

"பொய் சொல்லாதே." மூக்குக் குழலைச் சரிசெய்துகொண்டாள். "கலங்காதே. நீயும் அவங்களை மாதிரி ஆயிட்டா நான் யாருகிட்டப் போவேன்?"

மருமகள் கீழே வந்து மாவுமூட்டை அடுக்கிய மூலையில் நின்று அழுது தீர்த்தாள். வெறுப்பு இருந்தவரைக்கும் அந்த வேலை சுலபமாகத் தெரிந்தது. இப்போது பயமாக இருந்தது.

பனி இறங்கிய பருவத்தில் ரொட்டியம்மாவுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் கட்டிலில் உட்கார்ந்தபடியே தோள் இரண்டும் ஏறி இறங்க, வாயைப் பிளந்து காற்றைத் தேடிக்கொண்டிருந்தாள். வண்டியை அப்படியே நிறுத்திவிட்டு மகன் ஓடி வந்தான். ஆம்புலன்ஸில் ஏற்றினார்கள். ஆஸ்பத்திரியில் முகத்தை மூடும் பெரிய மாஸ்க்கை இறுக்கிக் கட்டிக் காற்றை அடித்தார்கள். அங்கே இருந்த டாக்டர் சின்ன வயசுக்காரர். வராந்தாவுக்கு வந்து நின்றார்.

"மாஸ்க் தாக்குப் பிடிக்கலை. இப்ப குழாய் போடணும், இல்லன்னா மூச்சு முட்டாம இருக்க மருந்து குடுத்து நிம்மதியா வெச்சுக்கணும். அவங்க முன்னாடியே எழுதிக் குடுத்திருக்காங்க. அதுல இருக்கிற மருமகள் யாரு?"

"குழாய் போடுங்க டாக்டர். நான் மகன் சொல்றேன். போடுங்க."

டாக்டர் மருமகளைப் பார்த்தார்.

"போட வேண்டாம்னு அத்தை சொல்லியிருக்காங்க," என்றாள் மருமகள். தன் குரல் யாரோ பேசுவதுபோல அவளுக்கே கேட்டது.

கணவன் அவள் பக்கம் திரும்பினான். அவன் கை ஓங்கவில்லை, கத்தவும் இல்லை. அதுதான் அவளைக் குலைத்தது.

"நீ யாரு எங்கம்மாவுக்கு?"

"நீங்களும் இருந்தீங்களே. சாப்பிடும்போது சொன்னாங்களே."

"என்னமோ சலிப்புல சொன்னதை நீ பிடிச்சு வெச்சுக்கிட்டியா? வயசானவங்க ஆயிரம் சொல்வாங்க. நாளைக்கே செத்துப்போறேன்னு தினமும்தான் சொல்வாங்க. அதுக்காக?"

"சலிப்புல சொல்லலை. அப்பாவைப் பாத்துட்டுச் சொன்னாங்க."

"அப்பாவுக்கு என்ன குறை வெச்சோம்?"

அவன் போனை அவள் காதில் வைத்தான். நாத்தனார் ரயிலில் வந்துகொண்டிருந்தாள்.

"அண்ணி, உங்க காலைப் பிடிக்கிறேன். நான் வர்ற வரைக்குமாவது வைக்கச் சொல்லுங்க. ஒரே ஒரு நாள். நான் முகத்தைப் பாத்துட்டா அப்புறம் எடுத்துடலாம்."

"போட்டா எடுக்க முடியாதும்மா. யாரு எடுக்கச் சொல்றது? நீ சொல்வியா?"

அந்தப் பக்கம் ரயில் சத்தத்தோடு விசும்பல் கேட்டது.

"உங்களுக்கு அம்மா இருந்திருந்தா தெரியும்," என்று கடைசியாக வந்தது.

டாக்டர், அம்மாவே விழித்துத்தான் இருக்கிறார்கள், ஒரு தடவை கேட்டுப் பாருங்கள் என்று மருமகளை உள்ளே விட்டார். மகன் வாசல்வரை வந்தான். அம்மாவின் நெஞ்சு துடிக்கும் துடிப்பைப் பார்த்துவிட்டு, முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டு அப்படியே வெளியே போய்விட்டான்.

அவள் குனிந்தாள். மாஸ்க்குக்குள் காற்று சீறிக்கொண்டிருந்தது. பிளாஸ்டிக்கெல்லாம் ஆவி படிந்து வாய் தெரியவில்லை. கண் மட்டும் தெரிந்தது. அந்தக் கண்ணில் இருந்தது பயம். மேசையருகே உட்கார்ந்து கணக்காகப் பேசிய ரொட்டியம்மாவிடம் இல்லாத பயம்.

"அத்தை, குழாய் போடட்டுமான்னு கேக்கறாங்க. நீங்க வேண்டாம்னு சொன்னீங்க. இப்பவும் அதானே?"

ரொட்டியம்மா அவள் மணிக்கட்டைப் பிடித்தாள். நகம் பதிந்தது. தலை ஆடியது, ஆனால் உடம்பு முழுக்கத்தான் ஆடிக்கொண்டிருந்தது. மாஸ்க்குக்குள்ளிருந்து ஒரு வார்த்தை வந்தது. 'வேணா' என்று தொடங்கியதா, 'வேணு' என்று தொடங்கியதா? பின்பாதியைச் சீறல் தின்றுவிட்டது.

"வேணாமா அத்தை? இல்ல வேணுமா?"

மறுபடி அதே வார்த்தை. மறுபடி அதே சீறல். பிறகு கை தளர்ந்தது.

அவள் நிமிர்ந்து நின்றாள். நர்ஸ் காத்துக்கொண்டிருந்தாள். வராந்தாவில் டாக்டர் காத்துக்கொண்டிருந்தார். முக்காலியில் உட்கார்ந்து சொன்னவள் ரொட்டியம்மா. இங்கே மூச்சுக்குத் தவிக்கிறவளும் ரொட்டியம்மா. இரண்டு பேரில் யார் பேச்சைக் கேட்பது என்று அவளுக்குச் சொல்ல அங்கே ஆள் இல்லை.

வெளியே வந்தாள். "குழாய் வேண்டாம் டாக்டர். மருந்து குடுங்க."

ஊசி போட்டபின் தோள்கள் மெல்ல மெல்ல இறங்கின. புருவச் சுருக்கம் விட்டது. மருமகள் பக்கத்தில் உட்கார்ந்து ஈரப்பஞ்சால் உதட்டை நனைத்துக்கொண்டே இருந்தாள். மகன் வராந்தா பெஞ்சில் தலையைக் கவிழ்த்து உட்கார்ந்திருந்தான். கூப்பிட்டும் உள்ளே வரவில்லை. சாயங்காலம் ரொட்டியம்மா போய்ச் சேர்ந்தாள். நாத்தனார் வந்தபோது முகத்தை மூடியிருந்தார்கள். துணியை விலக்கிப் பார்த்தாள், விழுந்து அழுதாள், எழுந்தாள். மருமகள் அவளைத் தாங்கப் போனாள்.

"தொடாதீங்க அண்ணி. இத்தனை வருஷம் காத்திருந்து பழி தீத்துக்கிட்டீங்க."

டாக்டர் எழுதி வாங்கியதைச் சொன்னார். அதுவும் எடுபடவில்லை. பக்கத்திலேயே உட்கார்ந்திருந்து எழுத வைத்தவள் யார் என்று அண்ணனும் தங்கையும் கேட்டார்கள். பேக்கரியில் ரொட்டி வாங்க வருகிறவர்கள் இவள் கையில் வாங்கும்போது கொஞ்சம் கூடுதலாக முகத்தைப் பார்த்தார்கள். கணவன் அவளோடு பேசுவதை விட்டான். அவள் வைத்த சாப்பாட்டைத் தொடவில்லை. கீழே ஆறிப்போன பன்னை எடுத்து நின்றபடியே தின்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனான். அடுப்புக்காரர் மட்டும் ஒரு நாள், "குழாய் வேண்டாம்னு அந்தம்மா சொல்லி நானும் ஒரு தடவை கேட்டிருக்கேன்மா," என்றார். யாரிடமாவது போய்ச் சொல்லுங்களேன் என்றாள். "நான் வேலைக்காரன். குடும்ப விஷயத்துல நான் எப்படி," என்று துடுப்பை எடுத்துக்கொண்டார்.

சில வாரம் கழித்து, அம்மாவின் துணிமணிகளை எடுத்துப்போக நாத்தனார் வந்தாள். அழுது அழுது வற்றிப்போன முகம். மாடி அறையில் மெஷின் இருந்த இடம் வெறுமையாகக் கிடந்தது. சேலைகளை மடித்து வைத்தவள் சமையலறைக்கு வந்து கதவோரம் நின்றாள். கணவன் வெளி அறையில் சாப்பாட்டு மேசையில் சும்மா உட்கார்ந்திருந்தான். அங்கிருந்து எல்லாம் கேட்கும்.

"அண்ணி, ஒண்ணே ஒண்ணு சொல்லுங்க. கடைசி நேரத்துல உங்களைத்தானே உள்ள விட்டாங்க. அம்மா ஏதாவது சொன்னாளா?"

மருமகள் தேய்த்துக்கொண்டிருந்த பாத்திரத்தை வைத்தாள். உண்மையைச் சொல்லலாம். சொன்னால் என்ன ஆகும் என்று தெரிந்தது. இந்த இரண்டு பேரும் சாகும்வரை அந்தச் சீறலைக் கேட்டுக்கொண்டே இருப்பார்கள். அவளையும் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.

"சொன்னாங்க."

"என்ன?"

"குழாய் போடட்டுமான்னு கேட்டேன். வேணாம்னாங்க. ரெண்டு தடவை. தெளிவா."

வெளி அறையில் நாற்காலி நகர்ந்தது. கணவன் வாசலில் வந்து நின்றான். "நிஜமாவா?"

"நிஜமா."

"முன்னாடியே ஏன் சொல்லலை?"

"நீங்க கேக்கலை."

நாத்தனார் சுவரில் சாய்ந்து அப்படியே உட்கார்ந்தாள். அழுதாள், ஆனால் இந்த அழுகை வேறாக இருந்தது. இறுக்கிக் கட்டியதை அவிழ்த்துவிட்ட மாதிரி இருந்தது. "அப்ப சரி அண்ணி. அம்மாவே வாயால சொல்லிட்டான்னா அப்புறம் என்ன இருக்கு. இதை முதல்லயே சொல்லியிருந்தா நான் உங்களை அப்படிப் பேசியிருப்பேனா?" எழுந்து வந்து அண்ணியின் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

ரொட்டியம்மா வாயால்தான் சொன்னாள். குழம்பும் ரொட்டியும் வைத்துக்கொண்டு, மூச்சு இருந்தபோது, இரண்டு பேர் முகத்தையும் பார்த்துச் சொன்னாள். அது ஒருவர் காதிலும் ஏறவில்லை. யாரும் கேட்காத ஒன்றை இவள் இட்டுக்கட்டிச் சொன்னதும் உடனே ஏறிவிட்டது. மருமகளுக்குச் சிரிப்பு வரும்போல இருந்தது. நாத்தனாரின் முதுகைத் தடவிக் கொடுத்தாள்.

அன்றைக்கு மத்தியானம் கணவன் மேசையில் உட்கார்ந்து சாப்பிட்டான். பல வாரம் பட்டினி கிடந்தவன்போலச் சாப்பிட்டான். "இன்னும் கொஞ்சம் போடு," என்றான். அவளோடு அவன் மறுபடி பேசத் தொடங்கிய வார்த்தை அது. போட்டாள். சாயங்காலம் நாத்தனார் மூட்டையோடு கிளம்பும்போது, உடம்பைப் பார்த்துக்குங்க அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனாள். அண்ணனும் தங்கையும் தெருமுனைவரை பேசிக்கொண்டே நடந்தார்கள்.

மருமகள் பின்கட்டுக்குப் போய், துவைக்கிற கல்லின்மேல் உட்கார்ந்தாள். பக்கத்தில் யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு, உள்ளங்கையால் வாயையும் மூக்கையும் இறுக்கிப் பொத்திக்கொண்டாள். வேணாம் என்று சொல்லிப் பார்த்தாள். பிறகு வேணும் என்று சொல்லிப் பார்த்தாள். இரண்டும் ஒரே மாதிரிதான் கேட்டன. கொஞ்சம் பொறுத்து, மறுபடி சொல்லிப் பார்த்தாள்.